பிராகில் கிடைத்த கௌபாய்

1929 ஜனவரியில் வயாட் அர்ப் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். 1881இல் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டையில் நின்று சுட்ட அதே அர்ப்தான். எண்பது வயது வரை இருந்துவிட்டுப் போனார். அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் இரண்டு பேர் சினிமா நடிகர்கள்: வில்லியம் எஸ். ஹார்ட், டாம் மிக்ஸ். பேருக்கு வந்து தலைகாட்டியவர்கள் இல்லை, இருவருமே கிழவருக்கு வேண்டியவர்கள்.

மௌன வெஸ்டர்ன் படங்கள், அதாவது பேச்சு வராத காலத்துக் கௌபாய் படங்கள், உன்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டன என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஜான் வெய்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட் போன்றவர்களுக்கு அந்த அமெரிக்க மேற்கு கேள்விப்பட்ட கதை. மௌனப்படக்காரர்களுக்கு அது நேற்றைய சமாசாரம். 1908இல் ஓக்லஹோமாவில் எடுத்த ஒரு வங்கிக் கொள்ளைப் படம் இருக்கிறது. அதில் கொள்ளைக்காரனாக வரும் அல் ஜென்னிங்ஸ் நிஜமாகவே ரயிலைக் கொள்ளையடித்துச் சிறைக்குப் போய் வந்தவர். படத்தை இயக்கிய பில் டில்மன் நிஜ மார்ஷல், கொள்ளைக்காரர்களைப் பிடிக்கும் அதிகாரி. நடுவில் தலைகாட்டும் குவானா பார்க்கர், 1875 வரை அமெரிக்க ராணுவத்துக்குப் பிடி கொடுக்காமல் இருந்த கமான்சே பழங்குடித் தலைவர். மூன்று பேரும் எந்த நடிப்புப் பள்ளிக்கும் போனவர்கள் இல்லை. நடிப்பும் சுமார்தான். ஆனால் அவர்கள் குதிரையிலிருந்து இறங்கும் விதத்தைப் பின்னால் வந்த எந்த நடிகராலும் கொண்டுவர முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் தலைமுறைத் தமிழ் வாசகர்கள் பலரைப் போல நானும் வெஸ்டர்னுக்குள் நுழைந்தது காமிக்ஸ் வழியாகத்தான். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர். அது இத்தாலியர்கள் வரைந்த அரிசோனா. அப்புறம் இயக்குநர் செர்ஜியோ லியோனே. அதுவும் இத்தாலியர்தான், படமெடுத்தது பெரும்பாலும் ஸ்பெயினில். ஆக, அமெரிக்க மேற்கு எனக்குத் தெரியவந்ததே ஐரோப்பியர் தயவில். பழைய அமெரிக்க மௌனப் படங்களில் பல பிழைத்திருப்பதும் வெளிநாட்டார் தயவில்தான் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் 1903. எட்வின் எஸ். போர்ட்டர், எடிசன் கம்பெனிக்காக ‘தி கிரேட் டிரெயின் ராபரி’யை எடுக்கிறார். சுமார் 12 நிமிஷம். மேற்கு எல்லாம் இல்லை, நியூ ஜெர்சிப் பக்கம்தான் படப்பிடிப்பு. கொள்ளைக் கூட்டத் தலைவன் நேராக நம்மைப் பார்த்துச் சுடுகிற ஒரு ஷாட் அதில் உண்டு. கதைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. படத்தின் ஆரம்பத்தில் ஒட்டினாலும் சரி, கடைசியில் ஒட்டினாலும் சரி, உங்கள் இஷ்டம் என்று கம்பெனி தன் கேட்டலாக்கிலேயே சொல்லிவிட்டது. எனக்கு இந்த அலட்சியம் ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் படத்தில் துண்டு துண்டாகச் சில வேஷங்களில் வந்தவர் கில்பர்ட் ஆண்டர்சன் என்ற இளைஞர். குதிரை ஓட்டத் தெரியும் என்று சொல்லி வேலை வாங்கி, ஏறிய வேகத்தில் கீழே விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. விழுந்தவர் சும்மா இருக்கவில்லை. 1907இல் கூட்டாளி ஒருவரோடு எஸ்ஸனே கம்பெனியைத் தொடங்கினார். பிறகு கலிபோர்னியாவில் நைல்ஸ் என்ற சின்ன ஊரில் ஸ்டூடியோ போட்டு, ‘பிராங்க்கோ பில்லி’ என்ற ஒரே பாத்திரத்தை வைத்துக் கிட்டத்தட்ட 150 குறும்படங்கள் எடுத்தார். கெட்டவன் திருந்துவது, நல்லவன் மாட்டிக்கொள்வது, ஒரு பெண், ஒரு குழந்தை. கதை அவ்வளவுதான். உலகின் முதல் கௌபாய் நட்சத்திரம் இவர்தான். இன்று அந்தப் படங்களில் சொற்பம்தான் மிச்சம்.

ஒரு வேடிக்கை. 1911இலேயே ஓர் அமெரிக்க சினிமாப் பத்திரிகை, வெஸ்டர்ன் படங்கள் தேய்ந்துவிட்டன, இனி எடுபடாது என்று எழுதியது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் குதிரை ஓடியது என்பது நமக்குத் தெரியும். அதே காலத்தில் பிரான்ஸின் தெற்கே கமார்க் சதுப்பு நிலத்தில் ஜோ ஹாமன் என்பவர் பிரெஞ்சுக் கௌபாய் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். இத்தாலிக்காரர்களுக்கு அரை நூற்றாண்டு முன்னால்!

சரி, ஹார்ட்டுக்கு வருவோம்.

வில்லியம் எஸ். ஹார்ட் சினிமாவுக்கு வந்தபோது ஏறக்குறைய ஐம்பது வயது. 1864இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் டகோட்டா பக்கம் வளர்ந்தார். பிறகு மேடை நடிகர். ஷேக்ஸ்பியர் நடித்திருக்கிறார், ‘பென்-ஹர்’ நாடகத்தில் மெஸ்ஸாலாவாக வந்திருக்கிறார். நாடகச் சுற்றுப்பயணத்தில் ஓர் ஊரில் ஒரு வெஸ்டர்ன் படத்தைப் பார்த்து, இவ்வளவு அபத்தமாகவா எடுப்பார்கள் என்று கொதித்துப்போனதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பழைய நாடக நண்பர் தாமஸ் இன்ஸ் அப்போது சாண்டா மோனிகா அருகே ஒரு பள்ளத்தாக்கையே ஸ்டூடியோவாக ஆக்கி வைத்திருந்தார். ‘இன்ஸ்வில்’ என்று பெயர். ஒரு வைல்ட் வெஸ்ட் ஷோ குழுவை அப்படியே சம்பளத்துக்கு அமர்த்தி, குதிரை, மாடு, கௌபாய், லகோட்டா பழங்குடி மக்கள் என்று எல்லோரையும் அங்கேயே தங்கவைத்திருந்தார். ஹார்ட் போய் நின்றார்.

அவர் முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான, சிரிக்காத முகம். கண்கள் எப்போதும் எதையோ எடைபோட்டுக்கொண்டிருக்கும். உடைகள் அழுக்கு. தோரணை எல்லாம் கிடையாது. 1916இல் வந்த ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ படத்தில் அவர் பெயர் பிளேஸ் டிரேசி, ஊர் ரவுடி. கிழக்கிலிருந்து ஒரு இளம் பாதிரியார் தங்கையோடு அந்த ஊருக்கு வருகிறார். அவரை விரட்டச் சொல்லி சலூன்காரன் இவனை அனுப்புகிறான். போனவன் தங்கையின் முகத்தைப் பார்த்து அப்படியே நிற்கிறான். இந்த இடத்தில் காமிரா ஹார்ட்டின் முகத்தைவிட்டு நகர்வதே இல்லை. ஒரு மனிதனுக்குத் தன் வாழ்க்கை மீது முதல் தடவையாகச் சந்தேகம் வருவதை வசனம் வைத்து எழுதிப் பாருங்கள், எவ்வளவு எழுதினாலும் வழவழவென்றுதான் இருக்கும். இங்கே முகம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் அவன் பைபிள் வாசிக்கிறான். ஒரு கையில் சிகரெட், பக்கத்தில் விஸ்கி பாட்டில். சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

திருந்துவது ரவுடி. கெட்டுப்போவது பாதிரியார். சலூன்காரன் ஒரு நடனக்காரியை அனுப்பிப் பாதிரியாரைக் குடிக்கவைத்து வீழ்த்துகிறான். போதையில் கிடக்கும் அந்த ஆள், தன் சர்ச் கட்டடத்தைக் கொளுத்தக் கிளம்பிய கும்பலோடு தானும் சேர்ந்துகொள்கிறான். சர்ச் எரிகிறது, பாதிரியாரும் சாகிறான். செய்தி கேட்டு வரும் பிளேஸ் டிரேசி, சலூன் கதவைத் திறந்து, இரண்டு கைகளிலும் துப்பாக்கியோடு, கூரை விளக்குகளைச் சுட்டுத் தீ மூட்டி, ஊரையே எரிக்கிறான். அந்தத் தீக்காட்சிகளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றியிருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தவனுக்குத் திடீரென்று திரை முழுக்கச் செக்கச்செவேல். கிராஃபிக்ஸ் கிடையாது. கட்டிய ஊரைக் கொளுத்தினார்கள், ஆட்கள் அதன் ஊடே ஓடினார்கள். ஒளிப்பதிவு ஜோசப் ஆகஸ்ட். புகைக்கு எதிரே மனித உருவங்களை நிறுத்தி அவர் எடுத்த ஷாட்களைப் பார்த்தால் 1916 என்று நம்ப முடியாது.

இதே படத்தில்தான் சலூன்காரனை அறிமுகப்படுத்தும் டைட்டில் கார்டு (நடுவே வரும் எழுத்து அட்டை), மெக்சிகனின் தந்திரமும் பாம்பின் துரோகமும் கலந்தவன் என்ற பொருளில் ஒரு வரியைப் போடுகிறது. நல்ல படம் என்பதற்காக இதை முழுங்கிவிட்டுப் போக முடியாது. ஹார்ட்டின் உலகத்தில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் என்றால் புனிதம், மெக்சிகன் என்றால் வஞ்சகம். சில படங்களில் இது இன்னும் மோசம். பார்க்கும்போது சுருக்கென்று குத்தத்தான் செய்யும்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். மிஞ்சியிருக்கும் மௌன வெஸ்டர்ன்களில் பாதிக்கு மேல் சுமார் ரகம்தான். 1923இல் ஜேம்ஸ் குரூஸ் எடுத்த ‘தி கவர்டு வேகன்’ அந்தக் காலத்தின் பிரம்மாண்ட வெற்றி. நூற்றுக்கணக்கான வண்டிகள் நிஜ ஆற்றைக் கடக்கிற காட்சிக்காக ஒருமுறை பார்க்கலாம். காதல் காட்சிகள் வரும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அடுத்த வருஷம் ஜான் ஃபோர்டு எடுத்த ‘தி அயர்ன் ஹார்ஸ்’ அதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013இல் டேவிட் பியர்ஸ் என்ற ஆய்வாளரின் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் அன்று வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுசாக இருப்பவை 14 சதவீதம். இன்னொரு 11 சதவீதம் வெளிநாட்டுப் பிரதியாகவோ 16 மி.மீ. போன்ற சின்ன வடிவிலோ முழுசாகக் கிடைக்கின்றன. 5 சதவீதம் அரைகுறை. மீதி எழுபது சதவீதம் போயே போய்விட்டது.

போனதற்குக் காரணம் தீ மட்டும் இல்லை. அந்தக் கால ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். துப்பாக்கிப் பஞ்சு என்ற வெடிமருந்தின் நெருங்கிய சொந்தக்காரன். தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே தயாரித்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. தீப்பிடிக்காவிட்டாலும் சும்மா இருக்காது. முதலில் பிசுபிசுப்பாகும், அப்புறம் நுரைக்கும், கடைசியில் டப்பாவுக்குள் பழுப்புப் பொடியாகக் கிடக்கும். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரி ஊரில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு கடும் வெயிலில் தானாகவே பற்றிக்கொண்டது. நாற்பதாயிரம் ரீல்களுக்கு மேல் சாம்பல். அருகே குடியிருந்த ஒரு சிறுவனும் அதில் இறந்துபோனான். ஃபாக்ஸ் என்றால் டாம் மிக்ஸ். ஏறக்குறைய 300 படங்களில் நடித்தவர், அநேகமாக எல்லாமே மௌனப் படங்கள். தன் குதிரை டோனியோடு பத்துப் பதினைந்து வருஷம் அமெரிக்கச் சிறுவர்களின் மனசை ஆண்டவர். அவர் புகழின் உச்சத்தில் நடித்த படங்களில் பெரும்பகுதி அந்த ஒரே இரவில் போயிற்று.

அதுவாவது விபத்து. 1948இல் யுனிவர்சல் தன்னிடம் மிச்சமிருந்த மௌனப்பட நெகடிவ்களைத் தானாகவே அழித்தது. கிடங்கு வாடகை மிச்சம், ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்து விற்றால் கொஞ்சம் காசு. பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படத்தை யார் பார்ப்பார்கள்? அவர்கள் கேள்வியில் தப்பு சொல்ல முடியாது. அன்றைக்கு உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. இதில் வெஸ்டர்ன்கள் இன்னும் பாவம். பெரிய நட்சத்திரங்களின் பெரிய படங்களையாவது கௌரவத்துக்காக ஒரு பிரதி வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கிராமத்துக் கொட்டகைகளுக்கு அனுப்பிய ஐந்து ரீல் குதிரைப் படத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? பிரிண்ட் கிழியும்வரை ஓட்டினார்கள், கிழிந்ததும் தூக்கிப் போட்டார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. 1912க்கு முன்னால் சினிமாவுக்கென்று தனிக் காப்புரிமைச் சட்டப் பிரிவு அமெரிக்காவில் இல்லாததால், படத்தைப் புகைப்படமாகக் கணக்குக் காட்டி, ஒவ்வொரு பிரேமையும் நீளமான காகிதச் சுருளில் அச்சடித்து காங்கிரஸ் நூலகத்தில் கட்டினார்கள். அப்படி 3,000 படங்களுக்கு மேல் காகிதத்தில் தங்கின. சட்டம் சீரான பிறகு காகிதம் கட்டும் வழக்கம் நின்றது. ஆக, சட்டம் ஓட்டையாக இருந்த காலத்துப் படங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கான காலத்துப் படங்களுக்குக் கிடைக்கவில்லை.

யுனிவர்சல் அழித்தவற்றில் ஜான் ஃபோர்டின் இளமைக்கால உழைப்பும் அடக்கம். ஃபோர்டும் ஹாரி கேரி என்ற நடிகரும் சேர்ந்து 1917 முதல் 1921 வரை இருபதுக்கு மேற்பட்ட படங்கள் செய்தார்கள். கேரியின் பாத்திரம் பெரும்பாலும் ஷயான் ஹாரி. தோள் தொங்கி, பழைய சட்டை போட்டு, குதிரையில் சோம்பேறியாக உட்கார்ந்திருப்பான். இத்தனைக்கும் கேரி நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு நீதிபதியின் மகன். இந்தக் கூட்டணியின் முழுநீளப் படம் ஒன்றுகூட இல்லை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1966இல் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரத் திரைப்படக் காப்பகத்தில் ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ கிடைத்தது. ஃபோர்டின் முதல் முழுநீளப் படம், 1917. ‘ஹெல் பென்ட்’ படமும் அங்கிருந்துதான். ‘பக்கிங் பிராட்வே’ பிரான்ஸின் காப்பகத்தில் கிடைத்தது. பனிப்போர்க் காலத்துக் கம்யூனிஸ்ட் நாடு ஒன்று, தன்னை அறியாமலேயே அமெரிக்கக் கௌபாயை டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது!

‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ உருவானதே ஒரு குறும்பில்தான். இரண்டு ரீல் படம் எடுக்கச் சொன்ன யுனிவர்சலிடம் ஃபோர்டு ஐந்து ரீலை நீட்டினார். தயாரிப்பு ஆட்கள் வெட்டச் சொன்னார்கள். முதலாளி கார்ல் லேம்லி மட்டும், “ஒரு சூட் தைக்கச் சொன்னேன், கூடவே இன்னொரு பேன்ட்டும் இலவசமாகக் கொடுத்தால் திருப்பியா அனுப்புவேன்?” என்று கேட்டாராம். ஃபோர்டு பின்னால் சொன்ன கதை இது. ஃபோர்டு சொன்ன எதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், என்றாலும் இது நல்ல கதை.

படத்தில் ஷயான் ஹாரியைப் பண்ணையார்கள் கூலிக்கு அமர்த்துகிறார்கள், குடியானவர்களை விரட்டுவதற்கு. அவன் போகும்போது ஒரு கிழவரும் அவர் மகளும், சுட்டுக் கொல்லப்பட்ட பையனைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனதுதான் அவன் செய்த குற்றம். ஹாரி குழியின் ஓரத்தில் நிற்கிறான். தொழில் கைவிட்டுப் போய்விடுகிறது. பின்னால் வீதியில் அவனும் பழைய கூட்டாளியும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருகிற காட்சியில் காமிரா இருவர் முகத்துக்கும் அருகே போகிறது, கண் வரை. லியோனே கண்டுபிடித்தார் என்று நான் நம்பிக்கொண்டிருந்த விஷயம், அவர் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே 23 வயதுப் பையன் ஒருவன் செய்து முடித்திருந்தான். கேரி ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் ஒன்று வைத்திருந்தார். ஃபோர்டு பின்னால் எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ முடிவில் கதவுக்கு வெளியே ஜான் வெய்ன் அதே மாதிரி நிற்பது கேரிக்குச் செய்த மரியாதை. அந்தக் காட்சியில் கேரியின் மனைவி ஆலிவும் நடித்திருந்தார்.

ஏன் வெளிநாட்டில் கிடைக்கிறது என்றால், பிரதிகள் பயணத்தை முடித்த இடம் அதுதான். நியூயார்க்கில் ஆரம்பித்து ஊர் ஊராகத் தேய்ந்துகொண்டே போய்க் கடைசி ஊரை அடையும்போது, திருப்பி அனுப்பும் செலவு படத்தின் மதிப்பைவிட அதிகம். அங்கேயே போட்டுவிட்டார்கள். கனடாவின் யுகான் பகுதியில் டாசன் நகரம் அப்படி ஒரு கடைசி நிறுத்தம். அங்கே பழைய நீச்சல் குளத்தை மூடப் போட்ட குப்பையோடு ரீல்களையும் சேர்த்துப் புதைத்திருந்தார்கள். 1978இல் கட்டட வேலைக்குத் தோண்டும்போது உறைமண்ணுக்குள்ளிருந்து 533 ரீல்கள் வெளியே வந்தன. நியூசிலாந்தும் இதே மாதிரிக் கடைசி நிறுத்தம்தான். அங்குள்ள காப்பகத்திலிருந்து 2010இல் 75 அமெரிக்கப் படங்கள் ஊர் திரும்ப ஏற்பாடாயிற்று. அதில் 1910இல் யோசமிட்டி பள்ளத்தாக்கில் எடுத்த ‘தி சார்ஜென்ட்’ என்ற குட்டி வெஸ்டர்னும் உண்டு.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது ‘தி டாட்டர் ஆஃப் டான்’. 1920இல் ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப்பகுதியில் எடுத்தது. நடித்தவர்கள் முழுக்க கியோவா, கமான்சே மக்கள், சுமார் 300 பேர். வெள்ளைக்கார நடிகர் ஒருவர்கூட இல்லை. உடைகள், கூடாரங்கள், குதிரைகள் எல்லாம் அவர்கள் வீட்டிலிருந்து வந்தவை. நாயகனாக வரும் ஒயிட் பார்க்கர், முன்னால் சொன்ன குவானா பார்க்கரின் மகன். குவானாவின் மகள் வனாடாவும் நடித்திருக்கிறார். அரசாங்கம் அந்தக் குழந்தைகளைப் பள்ளிகளில் அடைத்துத் தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து உடுத்திக்கொண்டு காமிரா முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். கதை என்று பார்த்தால் ஒரு பெண்ணுக்காக இரண்டு வீரர்கள் போட்டிபோடும் பழைய சரக்கு. காட்டெருமை வேட்டையும், ஊர் கூடி ஆடுவதும், இரண்டு பேர் கை ஜாடையில் பேசிக்கொள்வதும் அப்படி இல்லை. அவற்றில் நடிப்பு எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஒரு சில திரையிடல்களோடு படம் மறைந்தது. எண்பது வருஷம் கழித்து வட கரோலினாவில் ஒரு தனியார் துப்பறிவாளரிடம் இருந்து வெளிப்பட்டது. யாரோ வாடிக்கையாளர் கூலிக்குப் பதிலாகக் கொடுத்த ரீல்கள்! ஓக்லஹோமா வரலாற்றுக் கழகம் 2007இல் அதை வாங்கிச் செப்பனிட்டது. கியோவா மூத்தவர்கள் பார்த்து, இது இன்னார், அது இன்னார் என்று தங்கள் உறவுக்காரர்களை அடையாளம் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ‘மார்த்தாண்ட வர்மா’ ஞாபகம் வந்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் அபூர்வம் அது. நாவலின் உரிமை தங்களுடையது என்று புத்தகப் பதிப்பாளர்கள் வழக்குப் போட, பிரிண்ட் அவர்கள் கைக்குப் போய், திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையில் பல வருஷம் கிடந்தது. வழக்கு மட்டும் இல்லாவிட்டால் அதுவும் எங்கேயாவது கிழிந்துபோயிருக்கும். மதராஸில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ மீது யாரும் வழக்குப் போடவில்லை. அது போய்விட்டது.

ஆகவே மௌன வெஸ்டர்ன் வரலாறு என்று நாம் படிப்பது எல்லாம், மிச்சம் கிடைத்தவற்றை வைத்து எழுதியது. ஃபோர்டை மேதை என்கிறோம். அந்த நாளில் அவரைப் போலவே படமாக எடுத்துத் தள்ளிய வேறு யாராவது அதைவிடப் பெரிய மேதையாக இருந்து, அவர் பிரிண்ட் பிராக் வரை போகாமல் இருந்திருக்கலாம். 1920களில் டாம் மிக்ஸுக்கு ஈடாகக் கூட்டம் சேர்த்தவர் ஃப்ரெட் தாம்சன். 1928இல் டெட்டனஸ் வந்து செத்துப்போனார், அவர் படங்களில் பெரும்பாலானவையும் அவரோடு போயின. இன்று அவர் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். புளோரிடாவின் நார்மன் கம்பெனி, பில் பிக்கெட் என்ற கறுப்பினக் கௌபாயை வைத்து 1920களின் தொடக்கத்தில் எடுத்த படங்களில் சில துண்டுகள்தான் மிச்சம். பிக்கெட் நாவலில் வந்த ஆள் இல்லை, ஓடும் காளையைக் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் வித்தையைப் பிரபலமாக்கிய நிஜ மாட்டுக்காரர். அந்தத் துண்டுகள் முழுசாக இருந்திருந்தால் கௌபாய் என்றதும் நம் கண்முன் வரும் முகமே வேறாக இருந்திருக்கும்.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு விஷயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று முதலில் அகப்பட்ட பிரதியைப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் காமிராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு 16இலிருந்து 20 பிரேம் வரை, ஆளுக்கு ஏற்ற மாதிரி. பேசும்படத்துக்கு உரிய 24 பிரேம் வேகத்தில் அதை ஓட்டினால் எல்லோரும் எறும்பு கடித்தவர்கள் போலத் துள்ளுவார்கள். மௌனப் படம் என்றால் கோமாளித்தனம் என்ற எண்ணம் பாதி இதனால் வந்தது. பின்னணி இசைக்கும் இதே கவனம் வேண்டும். படத்துக்குச் சம்பந்தமில்லாமல் பியானோவை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கும் பிரதியாக இருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஒன்றும் நஷ்டமில்லை. ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’, ‘ஹெல் பென்ட்’ இரண்டும் இப்போது அருமையாகச் செப்பனிடப்பட்டுக் கிடைக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்து ஹார்ட் நாயகனாக நடித்த கடைசிப் படம், 1925இல் வந்த ‘டம்பிள்வீட்ஸ்’. 1893 செப்டம்பரில் ஓக்லஹோமாவின் செரோக்கி ஸ்டிரிப் நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பீரங்கி வெடித்ததும் யார் முதலில் ஓடிப் போய்க் கொடி நடுகிறார்களோ அவர்களுக்கு நிலம். படத்தின் ஆரம்பத்தில் மேய்ச்சல் மந்தைகள் கடைசியாக வெளியேறுவதைக் கௌபாய்கள் மேட்டில் நின்று பார்க்கிறார்கள். இதுதான் மேற்கின் முடிவு என்று ஹார்ட் சொல்ல, எல்லோரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள். அந்த நிலம் அதற்கு முன்னால் யாருடையது, அவர்கள் எப்போது தொப்பியைக் கழற்றினார்கள் என்று படம் கேட்பதில்லை. நிலத்துக்கான அந்த ஓட்டம் மட்டும், வண்டியும் குதிரையும் சைக்கிளுமாக, இன்றைக்கும் மூச்சு வாங்கவைக்கும்.

படத்தைச் சரியாக விற்கவில்லை என்று ஹார்ட் விநியோக கம்பெனி மீது வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு நாயகனாக நடிக்கவில்லை. 1939இல் அதே படத்தை இசை, ஓசை சேர்த்து மறுபடி வெளியிட்டபோது, முன்னால் எட்டு நிமிஷம் தானே பேசிச் சேர்த்தார். நியூஹாலில் அவருடைய பண்ணை, கௌபாய் உடை, வயது 74. சினிமாவில் அவர் குரல் கேட்பது அங்கேதான். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரகரப்பான ஒரு மாட்டுக்காரக் குரலை எதிர்பார்த்திருந்தேன், வந்ததோ நாடக மேடையின் கணீர்க் குரல். வார்த்தையை உருட்டி உருட்டிப் பேசுகிறார். சினிமா எடுப்பது தனக்கு உயிர்மூச்சு என்கிறார். முகத்தில் அறையும் காற்று, துரத்திவரும் குளம்போசை, புழுதி மேகம், அதற்குள்ளிருந்து “பிரமாதம் பில், ஃபிரிட்ஸுக்கு என் சார்பில் மூக்கில் ஒரு தட்டு தட்டு” என்று கேட்கும் டைரக்டரின் குரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஃபிரிட்ஸ் அவர் குதிரை, அப்போது உயிரோடு இல்லை. ஒரு கட்டத்தில் குரல் உடைகிறது.

மிகை நடிப்பு என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் டிஸ்க்கில் இந்தப் பேச்சு படத்துக்கு முன்னால் இருக்கும். அதைத் தாண்டிப் போய் முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள், பேச்சைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால் அந்தக் குரல் படம் முழுக்க அவர் வாயசைவோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது மௌனப் படமாக இருக்காது.